ஓட்டுக்குள் இருக்கும் இரும்பு

மதுரையிலிருந்து மேலூர் சாலையில் போகிறவர்களுக்கு ஒத்தக்கடை வரும்போதே யானைமலை தெரிந்துவிடும். மலையடியில் மண்வெட்டி இறங்கும் இடங்களில் செம்மண் கிளம்புகிறது. மலையின் மேல் சமணச் சிற்பங்களில் பூசிய சுதையில் பழைய வண்ணத்தின் மிச்சம் ஒட்டியிருக்கிறது. சுற்றுவட்டாரக் கோயில் மதில்களில் சுண்ணாம்பு வெள்ளையோடு மாறிமாறி வருவது காவிப்பட்டை. வைகையைத் தாண்டித் தென்கிழக்கே போனால் கீழடி. அங்கே அகழாய்வுக் குழிகளில் கிடைக்கும் கறுப்பு-சிவப்புப் பானையோடுகள் உள்ளே கறுத்தும் வெளியே சிவந்தும் இருக்கின்றன. மண்ணுக்கும் காவிக்கும் ஓட்டுக்கும் சிவப்பைக் கொடுப்பது இரும்பு என்று பள்ளிக்கூடப் பாடமே சொல்லிவிடும். அந்த விடையில் பிழையில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு மேலே ஒரு அடியும் எடுத்துவைக்க முடியாது. இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து பல வடிவங்களை எடுக்கிறது. ஒவ்வொரு வடிவமும் பிறக்க வெவ்வேறு அளவு நீரும் சூடும் காற்றும் வேண்டும். எனவே எந்த வடிவம் என்று தெரிந்தால், அந்த மண்ணோ பானையோ என்ன பாடு பட்டது என்று தெரியும். அதைக் கண் சொல்லாது. இரும்பு எத்தனை விழுக்காடு என்ற கணக்கும் சொல்லாது. நிறமாலை சொல்லும். ஆனால் ஒரே ஒரு நிறமாலை சொன்னதை அப்படியே நம்பிவிடவும் கூடாது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். அதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் வழக்கு கீழடி வகை ஓடு ஒன்றின் உட்புறக் கறுப்பு.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வோம். இரண்டு இரும்பு அணுவுக்கு மூன்று ஆக்சிஜன் என்று நெருக்கமாக அடுக்கப்பட்டது ஹேமடைட்; நன்கு பொடித்தால் சிவப்பு. அதே இரும்பு தன் அடுக்கில் ஹைட்ராக்சிலையும் சேர்த்துக்கொண்டு ஈரத்தில் படிகமானால் கோதைட். பழுப்பு கலந்த மஞ்சள். மஞ்சள் காவிக்கல்லில் இருப்பது இதுதான். மூன்று இரும்புக்கு நான்கு ஆக்சிஜன் என்ற கணக்கில், இரும்பில் ஒரு பகுதி ஈரிணைதிறனோடு தங்கிவிட்டால் மேக்னடைட்; கறுப்பு, காந்தம் இழுக்கும். மேக்னடைட்டின் அடுக்கை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு இரும்பு முழுவதும் மூவிணைதிறனுக்கு மாறிவிட்டால் மேகமைட். செம்பழுப்பு, இதையும் காந்தம் இழுக்கும். இவை போக, துருவும் சேறும் உருவாகும் தொடக்கத்தில் ஒழுங்கான படிகமாக அமையாத ஃபெர்ரிஹைட்ரைட் என்று ஒன்று உண்டு. இவர்கள் ஒருவர் இன்னொருவராக மாறக்கூடியவர்கள். மஞ்சள் காவியை அடுப்பில் போட்டு 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் நீர் வெளியேறி அது செங்காவியாகிவிடும். கோதைட் ஹேமடைட் ஆகிவிட்டது. ஹேமடைட்டைக் காற்றில்லாமல் கரியோடு சூடாக்கினால் ஆக்சிஜன் கொஞ்சம் பறிபோய் மேக்னடைட் ஆகும். மேக்னடைட்டைத் திரும்பக் காற்றில் காய்ச்சினால் சிவப்புக்கே வந்து சேரும். சூளை வைக்கிற வேளார் இந்த மாற்றங்களைப் பெயர் தெரியாமலே ஆண்டுவந்தார்கள்.

"சிவப்பென்றால் ஹேமடைட், மஞ்சளென்றால் கோதைட், கறுப்பென்றால் மேக்னடைட், இதற்கு எதற்குக் கருவி?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மண்ணியலாளர்களே வண்ண அட்டையை மண்ணோடு ஒட்டிப் பார்த்துத்தான் களத்தில் நிறம் குறிக்கிறார்கள். ஆனால் ஹேமடைட்டுக்கு நிறம் ஏற்றும் வலு மிக அதிகம். கோதைட் நிறைந்த மண்ணில் சிறு பங்கு நுண்ணிய ஹேமடைட் சேர்ந்தாலும் மண் முழுக்கச் சிவந்து தெரியும். பெரும்பான்மை மஞ்சளாக இருக்க, சிறுபான்மை சிவப்பு மொத்தத்தையும் மறைத்துவிடும். துகளின் அளவும் நிறத்தை மாற்றும்: ஹேமடைட் மிக நுண்ணியதாக இருந்தால் பளிச்சென்ற சிவப்பு, பருத்தால் ஊதா சாயும், பெரிய படிகமானால் சாம்பல் பளபளப்பு. கறுப்பு இன்னும் மோசம். அடுப்புக்கரியும் கறுப்பு, மேக்னடைட்டும் கறுப்பு, மாங்கனீசு ஆக்சைடும் கறுப்பு. நம் ஓட்டின் உட்புறத்தைக் கண்ணால் பார்த்து இதில் எது என்று சொல்ல எவராலும் முடியாது.

இந்த வேறுபாடு வெறும் பெயர்ச் சண்டையா என்றால், இல்லை. பானையைக் கவிழ்த்து வைத்து, வயிற்றுக்குள் வைக்கோலோ தழையோ திணித்துச் சுட்டால் உள்ளே காற்று புகாது. வெளிப்புறம் தாராளமாகக் காற்று வாங்கிச் சிவக்கும். உட்புறத்தில் இரண்டு வேலைகள் நடக்கலாம். புகைக்கரி களிமண்ணின் நுண்துளைகளுக்குள் ஏறிப் படியலாம். அல்லது கரியிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடு களிமண்ணில் இருக்கும் இரும்பின் ஆக்சிஜனைப் பறித்து மேக்னடைட்டை உண்டாக்கலாம். இரண்டும் சேர்ந்தும் நடக்கலாம். கரி என்றால் கடைசிக் கட்டத்தில் குறைந்த சூட்டில் புகை காட்டியும் முடித்திருக்கலாம். மேக்னடைட் என்றால் சூளை உச்சச் சூட்டில் இருந்தபோதே உள்ளே காற்றை அடைத்து, ஆறும்வரை அடைத்தே வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறும்போது மறுபடி சிவந்துவிடும். ஒருமுறை சுட்டதா, இருமுறை சுட்டதா என்று தொல்லியலாளர்கள் நெடுங்காலமாக வாதாடும் கேள்வி இந்தக் கறுப்பில்தான் தொங்குகிறது.

கருவிகளுக்குப் போவதற்குமுன், எளிய வழிகள் ஏன் போதாது என்பதையும் பார்த்துவிட வேண்டும். முதல் வழி தனிமங்களை எண்ணுவது. எக்ஸ்-கதிரை ஓட்டின் மேல் பாய்ச்சினால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ்-கதிரைத் திருப்பி விடும். இரும்பு எவ்வளவு என்று சில நிமிடங்களில் வந்துவிடும். கறுப்புப் பக்கத்திலும் சிவப்புப் பக்கத்திலும் இரும்பின் அளவு ஒன்றாக இருந்தால், கறுப்புக்கென்று இரும்போ மாங்கனீசோ மிகுந்த தனிப்பூச்சு எதுவும் பூசவில்லை என்பது உறுதியாகிறது. அது சிறிய செய்தி அல்ல. ஆனால் அந்த இரும்பு எத்தனை ஆக்சிஜனோடு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது இந்தக் கருவிக்குத் தெரியாது. அது பார்ப்பது அணுவின் உள்ளே ஆழத்தில் இருக்கும் எலெக்ட்ரான்களை. நிறத்தைத் தீர்மானிப்பதோ வெளிப்புற எலெக்ட்ரான்களும் பிணைப்புகளும். தனிம அளவை வைத்துக்கொண்டு "இரும்பு ஆக்சைடு இருக்கிறது, ஆகவே ஹேமடைட்" என்று எழுதும் அறிக்கைகளைப் பார்க்கும்போது, தாவிய இடம் எது என்று எழுதியவருக்கே தெரிந்திருக்காது என்று தோன்றும்.

"ஒரு சில்லை மறுபடி சுட்டுப் பாருங்களேன்; கரியென்றால் எரிந்து போகும்" என்பது இன்னொரு யோசனை. கரி எரிந்து போகும், உண்மைதான். அது போன இடத்தில் களிமண்ணின் இரும்பு காற்று வாங்கிச் சிவக்கும். மேக்னடைட்டாக இருந்தாலும் காற்றில் சுட்டால் ஹேமடைட்டாகிச் சிவக்கும். இரண்டு வழக்கிலும் கடைசியில் கையில் நிற்பது சிவப்புச் சில்லு. கரி எரிந்தால் எடை குறையும், மேக்னடைட் மாறினால் எடை கூடுமே என்று விடாமல் கேட்பவர் இருப்பார். கூடும், மேக்னடைட்டின் எடையில் நூற்றுக்கு மூன்றரை அளவு. ஓட்டில் இரும்பு ஆக்சைடு நூற்றில் ஐந்து பங்கு என்று வைத்தால், ஓட்டின் மொத்த எடையில் கூடுவது ஆயிரத்தில் இரண்டுக்கும் குறைவு. களிமண் இழுத்து வைத்திருக்கும் ஈரம் வெளியேறுவதே அதைவிடப் பல மடங்கு. காந்தம் வைத்துப் பார்ப்பதும் இதே கதை. வைகை மணலில் காந்தத்தைப் புரட்டினால் கரும்பொடி ஒட்டுவது போல் ஓட்டுப் பொடியிலும் ஒட்டலாம். ஆனால் அது மேக்னடைட்டா மேகமைட்டா, சூளையில் உண்டானதா, பிசையும்போது மணலோடு வந்ததா என்று காந்தம் சொல்லாது. எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு படிக அடுக்கைப் பார்ப்பதால் இதைவிட மேல். என்றாலும் ஓட்டில் குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் எழுப்பும் பெரும் உச்சிகளுக்கிடையில் சில விழுக்காடு நுண்துகள் ஆக்சைடு அமுங்கிப் போகும். மேக்னடைட்டுக்கும் மேகமைட்டுக்கும் அணு அடுக்கின் இடைவெளி ஏறக்குறைய ஒன்றே என்பதால், அந்த இரண்டையும் அது எளிதில் பிரித்துக் காட்டுவதும் இல்லை.

இங்கேதான் ராமன் வருகிறார். ஒரு பொருளின் மேல் ஒரே நிற ஒளி விழுந்தால் சிதறும் ஒளியில் பெரும்பங்கு அதே நிறத்தில் திரும்பும்; மிகச் சிறு பங்கு மட்டும், பொருளுக்குள் அணுப் பிணைப்புகள் அதிரும் அளவுக்கு ஆற்றலை அங்கே விட்டுவிட்டு, நிறம் மாறித் திரும்பும். எவ்வளவு மாறியது என்பதிலிருந்து என்ன பிணைப்பு, எந்த அடுக்கு என்று படிக்கலாம். 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் சி.வி. ராமன் இதைக் கண்டபோது உடன் உழைத்தவர் கே.எஸ். கிருஷ்ணன், வத்திராயிருப்பில் பிறந்து மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். திருச்சிக்காரரும் மதுரையில் படித்தவரும் சேர்ந்து கண்ட விளைவு, மதுரைப் பக்கத்து ஓட்டையே படிக்க உதவுகிறது என்பதில் வட்டாரப் பெருமைக்கு இடமிருக்கிறது. வாதத்துக்கு அது தேவையில்லை என்பதால் மேலே போவோம். இன்று பாதரச விளக்குக்குப் பதில் லேசர், ஒளிப்படத் தகட்டுக்குப் பதில் மின்னணு உணரி. நுண்ணோக்கி வழியாக ஒரு மைக்ரான் அகலப் புள்ளியில் லேசரைக் குவித்தால் சில நிமிடங்களில் நிறமாலை திரையில் வரும். கீழ் அச்சில் நிறமாற்றத்தின் அளவு, ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலை என்ற அலகில். மேல் நோக்கி ஒளியின் செறிவு. சிவப்புப் பக்கத்தில் வைத்தால் 225, 292, 411, 612 என்ற இடங்களில் உச்சிகள் எழும். ஹேமடைட்டின் முத்திரை அது. கோதைட்டென்றால் 385இல் ஓங்கிய உச்சியும் அருகே 299இல் இன்னொன்றும். மேக்னடைட்டுக்கு 668இல் ஒற்றை முகடு. மேகமைட்டுக்கு 350, 500, 700 சுற்றி அகன்ற மேடுகள்.

கறுப்புப் பக்கத்தில் லேசரை வைத்தால் 1350 அருகே ஒரு மேடும் 1580 அருகே ஒரு மேடும் வருமானால், கரி என்று எழுதிவிடலாமா? இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஹேமடைட்டும் 1320 அருகே ஓங்கிய மேடு ஒன்றை எழுப்பும். அகன்ற மேடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்போது 1320க்கும் 1350க்கும் உள்ள இடைவெளி பெரிதல்ல. 1000க்கு மேல் உள்ள பகுதியை மட்டும் பதிவு செய்து ஒரு மேட்டைக் கண்டு கரி என்று முடிவு கட்டினால், அது ஹேமடைட்டாகவே இருந்துவிடலாம். தப்பிக்க வழி எளிது: முழு நீளத்தையும் பதிவு செய்ய வேண்டும். கரியென்றால் 1580 மேடு துணைக்கு நிற்கும். ஹேமடைட்டென்றால் 225, 292, 411 மூன்றும் கீழே வரிசை கட்டி நிற்கும். இரண்டும் இருந்தால் இரண்டும் இருக்கின்றன. மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி அறிக்கை, வேலூர் வி.ஐ.டி.யின் ஆய்வை வைத்து, சிவப்புக்கு ஹேமடைட்டும் கறுப்புக்குக் கரிப்பொருளும் காரணம் என்றும், சூளைச் சூடு 1100 டிகிரி வரை போயிருக்கிறது என்றும் சொல்கிறது. ஆக, அந்த ஓடுகளின் கறுப்பு வழக்கில் முதல் சாட்சி கரியின் பக்கம் பேசியாகிவிட்டது. மேக்னடைட் துணைக்கு இருந்ததா என்பதுதான் மிச்சக் கேள்வி.

ராமன் கருவிக்கு எதிராக வைக்கக்கூடிய மிகக் கடுமையான ஆட்சேபணை, அது சாட்சியத்தையே மாற்றிவிடும் என்பது. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. மேக்னடைட் கறுப்பு; லேசர் ஒளியை விழுங்கும்; ஒரு மைக்ரான் புள்ளியில் சில மில்லிவாட் குவிந்தாலே அந்த இடம் பல நூறு டிகிரிக்குக் காய்ந்துவிடும். காற்றில் அவ்வளவு காய்ந்த மேக்னடைட் என்ன ஆகும் என்று மேலேயே பார்த்தோம். திரையில் 668 மறைந்து 225உம் 292உம் எழும். ஆய்வாளர் "ஹேமடைட்" என்று எழுதுவார். அவர் கண்டது பொய்யல்ல. அதை அப்போதுதான் அவரே உண்டாக்கினார். கோதைட்டுக்கும் இதே கதிதான். பிரேசிலைச் சேர்ந்த டெ ஃபாரியாவும் உடன் பணியாற்றியவர்களும் 1997இல் இரும்பு ஆக்சைடுகளை வரிசையாக லேசரின் கீழ் வைத்து, வலு கூடக் கூட அவை எப்படி ஹேமடைட்டாக மாறுகின்றன என்று காட்டினார்கள். அதற்கு முன்னர் வந்த கட்டுரைகள் சிலவற்றில் மேக்னடைட்டுக்கு ஹேமடைட்டின் உச்சிகளே குறிக்கப்பட்டிருந்தன. எனவே கறுப்புப் பக்கத்தில் ஹேமடைட் கிடைத்தது என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டியது லேசரின் வலு. ஒரு மில்லிவாட்டுக்குக் கீழே தொடங்கி, அதே புள்ளியில் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் பதிவு செய்து, கடைசியில் மறுபடி குறைத்தும் பார்க்க வேண்டும். உச்சிகள் இடம் மாறாமல் இருந்தால் சாட்சியம் கலையவில்லை. கூட்டும்போது இடம் நகர்ந்து, குறைத்ததும் பழைய இடத்துக்கே திரும்பினால் அது வெறும் சூட்டின் விளைவு. குறைத்த பிறகும் திரும்பாவிட்டால் பொருள் மாறிவிட்டது. ஆக, ஆட்சேபணை உண்மை. ஆனால் அது முறையை வீழ்த்தவில்லை, முறையில் ஒரு படியைக் கூட்டுகிறது.

இரண்டாவது ஆட்சேபணை எனக்கு இதைவிட வலுவாகப் படுகிறது. ஒரு மைக்ரான் புள்ளி ஒரு பானை ஆகாது. ஓட்டில் பத்துப் புள்ளி பார்த்துப் பத்திலும் கரி கிடைத்தாலும், பதினோராவது புள்ளியில் மேக்னடைட் இருக்கலாம். கரியின் பெரிய மேடுகளுக்கு அடியில் மேக்னடைட்டின் மெல்லிய முகடு அமுங்கியும் போகலாம். இதற்கு விடை ராமன் கருவிக்குள் இல்லை. ஓட்டுப் பொடியில் உள்ள இரும்பை மட்டும், ஆனால் மொத்த இரும்பையும் பார்க்கும் வேறொரு முறை வேண்டும். ஜெர்மானியரான ருடால்ஃப் மோஸ்பவர் 1958இல் கண்டு 1961இல் நோபல் பரிசு வாங்கிய விளைவு அதற்கென்றே செய்தாற்போல் அமைந்தது. கோபால்ட்-57 சிதைந்து வெளிவிடும் காமா கதிரை இரும்பு-57 அணுக்கரு மிகத் துல்லியமான ஆற்றலில் மட்டுமே விழுங்கும். கதிர் மூலத்தை நொடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் அசைத்தால் அந்த ஆற்றல் மயிரிழை கூடிக் குறையும். எந்தெந்த வேகத்தில் கதிர் விழுங்கப்படுகிறது என்பதே நிறமாலை. இயற்கை இரும்பில் இரும்பு-57 நூற்றில் இரண்டு பங்குதான். அதுவே போதும், பொறுமை மட்டும் வேண்டும். ஒரு பதிவுக்குப் பல மணி நேரம், சில சமயம் நாள் கணக்கும் ஆகும். ஹேமடைட்டின் அணுக்கரு உணரும் உள்காந்தப்புலம் ஏறக்குறைய 51.7 டெஸ்லா, ஆறு கோடுகளாகப் பிரியும். கோதைட்டுக்கு 38 அளவில். மேக்னடைட்டுக்கு இருவகை இரும்பிடங்கள் என்பதால் 49, 46 என்று இரண்டு ஆறுகோட்டுத் தொகுதிகள் ஒன்றன் மேல் ஒன்று விழும். காந்தமும் எக்ஸ்-கதிர் அடுக்கும் தடுமாறிய மேக்னடைட்-மேகமைட் வழக்கை இது முடித்துவைக்கும். ஈரிணைதிற இரும்பு இருக்கிறதா இல்லையா என்று நேராகவே சொல்லிவிடும்.

பானையோட்டுக்கு இந்த முறையை முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் இலங்கையின் தர்மவர்தன. கசின்ஸோடு சேர்ந்து அவர் எழுதிய குறிப்பு 1969இல் 'நேச்சர்' இதழில் வந்தது. தமிழகத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர்கள் அகச்சிவப்பையும் மோஸ்பவரையும் சேர்த்து, பழந்தமிழ் ஊர்களின் ஓடுகள் எந்தச் சூட்டில் வெந்தன என்று கணித்து வந்திருக்கிறார்கள். ஆனால் இந்த முறைக்கும் குருட்டுப் பகுதி உண்டு. ஆக்சைடு துகள் மிகச் சிறிதாகி, பத்து நானோமீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டால், அறை வெப்பத்தில் அதன் காந்தத் திசை ஓயாமல் புரளும். ஆறு கோடுகள் வரவேண்டிய இடத்தில் இரண்டே கோடுகள் வரும். களிமண் கனிமத்துக்குள் சிக்கிய மூவிணைதிற இரும்பும் இரண்டு கோடுகளே தரும். ஆக, "இரண்டு கோடு" என்று மட்டும் பார்த்தால், ஆக்சைடா களிமண்ணா என்று தெரியாது. சில்லைத் திரவ நைட்ரஜனிலோ திரவ ஹீலியத்திலோ குளிரவைத்தால் புரளல் அடங்கி, நானோத் துகள்கள் தம் ஆறு கோடுகளைக் காட்டும். களிமண் இரும்பு பெரும்பாலும் இரண்டிலேயே நிற்கும். இன்னொரு குருட்டுப் பகுதியை எந்தக் குளிரும் தீர்க்காது: மோஸ்பவருக்குக் கரி கண்ணுக்கே தெரியாது. ராமனுக்குக் கரியும் இரும்பும் தெரியும், ஆனால் புள்ளி அளவில். மோஸ்பவருக்கு இரும்பு முழுவதும் தெரியும், கரி மட்டும் தெரியாது. கறுப்புப் பக்கத்தைச் சுரண்டிய பொடியில் மோஸ்பவர் ஹேமடைட்டையும் களிமண் இரும்பையும் மட்டும் காட்டி, ராமன் கரியைக் காட்டினால், கறுப்பு கரியால் மட்டுமே வந்தது என்று துணிந்து எழுதலாம். மோஸ்பவர் 49, 46 என்ற ஜோடியைக் காட்டினால் சூளைக்குள் காற்றை அடைத்தவர் இரும்பையும் தொட்டிருக்கிறார்.

இதற்குள் இன்னொரு கேள்வி காத்திருக்கும். கீழடியின் ஒரு மாதிரி கி.மு. 580 என்று காலம் கணிக்கப்பட்டது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு வைகை வண்டலுக்கு அடியில், மழைக்கும் வேருக்கும் நடுவே கிடந்த ஓடு சூளையிலிருந்து இறங்கிய அன்று இருந்தபடியே இருக்குமா? இன்று தெரியும் ஆக்சைடு புதைந்த பிறகு வந்ததாக ஏன் இருக்கக்கூடாது? இருக்கலாம். ஆனால் புதைந்த பின் வருவதற்கும் நெருப்பில் வந்ததற்கும் முத்திரை வேறு. ஈரமண்ணில் சாதாரண வெப்பத்தில் உண்டாவது ஃபெர்ரிஹைட்ரைட்டும் கோதைட்டும். கோதைட்டோ 300 டிகிரிக்கு மேல் தாங்காது. எழுநூறு, எண்ணூறு டிகிரியில் வெந்த ஓட்டில் கோதைட் இருக்கிறது என்றால், சூளை ஆறிய பிறகு வந்ததாகத்தான் இருக்க முடியும். புதைமண்ணின் ஈரம் எழுதிய வரி அது. அதை அகச்சிவப்பு நிறமாலை பிடித்துவிடும்: கோதைட்டின் ஹைட்ராக்சில் 890 அருகிலும் 795 அருகிலும் ஒளியை விழுங்கும், ஹேமடைட் விழுங்காது. இங்கும் ஒரு பொறி. குவார்ட்சும் 797, 779 என்ற இடங்களில் இரட்டையாக விழுங்கும். மணல் கலக்காத ஓடு ஏது? எனவே 795ஐ மட்டும் பார்த்துக் கோதைட் என்று சொன்னவரை நம்பாமல், 890 உடன் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். செவ்வாய்க் கோளிலும் இதே வழிதான். 2004இல் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி இறங்கிய இடத்தில் ஹேமடைட் உண்டு என்று வானில் சுற்றிய கருவி முன்பே அகச்சிவப்பில் கண்டிருந்தது. தரையில் மைன்ஸ் பல்கலைக்கழகம் செய்த சிறு மோஸ்பவர் கருவி அதை உறுதி செய்தது. கோளின் மறுபக்கத்தில் ஸ்பிரிட் ஊர்தி கோதைட்டைக் கண்டபோது நீர் பற்றிய வாதம் மேலும் இறுகியது. ஹைட்ராக்சில் இல்லாமல் கோதைட் இல்லை.

கீழடிக் கறுப்பைப் பற்றி 2020இல் இன்னொரு செய்தி வந்தது. வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில், அந்தக் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக எழுதினார்கள். நாளிதழ்கள் பழந்தமிழர் நானோ தொழில்நுட்பம் என்று கொண்டாடின. கட்டுரை காட்டுவது பொருள் இருப்பதை; குயவர் அதை அறிந்து செய்தார் என்பதை நிறமாலையால் காட்ட முடியாது. தாவரப் பொருள் காற்றில்லாச் சூட்டில் கரியாகும்போது, இரும்புத் துகள் அருகிலிருந்தால் நானோகுழாய் தானாக வளர இடமுண்டு. இன்றைய ஆய்வகங்களும் அவற்றை வளர்க்க இரும்பைத்தான் ஊக்கியாக வைக்கின்றன. குயவர் வேண்டி நின்றது நீர் கசியாத, பளபளக்கும், நீடித்த கறுப்பு. அது அவருக்குக் கிடைத்தது. அந்தத் திறமையே பெரிது. அதற்கு மேல் பட்டம் சூட்டத் தேவையில்லை.

மறுபடி ஒத்தக்கடை மண்ணுக்கு வருவோம். இந்தப் பிரித்தறிதல் அருங்காட்சியகத்துக்கு மட்டுமல்ல, வயலுக்கும் வேண்டியது. 1965இல் தொடங்கிய மதுரை வேளாண் கல்லூரி இந்த யானைமலை அடிவாரத்தில்தான் இருக்கிறது. செம்மண்ணில் போட்ட மணிச்சத்தில் ஒரு பகுதியை இரும்பு ஆக்சைடுகளின் மேற்பரப்பு பிடித்துக்கொண்டு பயிருக்கு விடாமல் வைக்கும். அப்படிப் பிடிப்பதில் நுண்ணிய கோதைட்டும் ஃபெர்ரிஹைட்ரைட்டும் பொதுவாகப் பருத்த ஹேமடைட்டைவிடக் கெட்டி. ஆனால் மண்ணுக்கு நிறம் தருவது ஹேமடைட். அதாவது உரத்தை விழுங்குபவன் ஒருவன், கண்ணில் படுபவன் வேறொருவன். மண்ணில் பட்டுத் திரும்பும் வெள்ளொளியை அலைநீளவாரியாக அளந்து, வளைகோட்டை இருமுறை வகையிட்டால் ஹேமடைட் 535 நானோமீட்டர் அருகிலும் கோதைட் 425 அருகிலும் தனித்தனியே தலை காட்டும். இதற்கு லேசரும் கதிரியக்க மூலமும் தேவையில்லை. கையில் எடுத்துப் போகும் கருவியிலேயே, நூற்றில் ஒரு பங்குக்கும் கீழான ஆக்சைடைப் பிரித்துப் பார்க்கலாம். எந்தப் பொருளையும் சுரண்டவும் வேண்டாம் என்பதால், யானைமலைச் சிற்பங்களின் மேல் எஞ்சியிருக்கும் வண்ணத்துக்கும் முதலில் நீட்ட வேண்டிய கருவி இதுவே. சிவப்பு மட்டும் தெரிந்து, உள்ளே கோதைட்டும் கலந்திருந்தால் அது அதிகம் சுடாத காவி. கோதைட் அறவே இல்லையென்றால், சுட்டுச் சிவப்பாக்கியதா, இயற்கையிலேயே ஹேமடைட்டாகக் கிடைத்த கல்லா என்ற அடுத்த கேள்வி பிறக்கும். அதை ஒளி மட்டும் தீர்க்காது. படிகத்தின் ஒழுங்கையும் துகளின் வடிவத்தையும் பார்த்தாக வேண்டும்.

இத்தனையும் நடக்க முதலில் பொருள் கெடாமல் வந்து சேர வேண்டும். அகழாய்வுக் குழிகளில் எடுத்த ஓடுகளைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்தி, எண்ணிட்டுப் பெட்டியில் வைப்பது வழக்கம். படிவு கனமாக இருந்தால் நீர்த்த அமிலத்தில் நனைப்பதும் உண்டு. அந்தக் கழுவலில் முதலில் போவது ஃபெர்ரிஹைட்ரைட், பிறகு ஓட்டின் தோலில் ஒட்டிய கோதைட். புதைமண் எழுதிய வரி அழிந்துவிட்டால், நெருப்பு எழுதிய வரியோடு ஒப்பிட எதுவும் மிஞ்சாது. ஒவ்வொரு குழியிலும் சில ஓடுகளையாவது கழுவாமல், அவற்றை ஒட்டிய மண்ணோடு சேர்த்து எடுத்து வையுங்கள். அறிக்கை எழுதும்போது "ராமன் முறையில் ஹேமடைட்" என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல், லேசரின் நிறம், வலு, எத்தனை புள்ளிகள் என்பதையும் குறித்து, நிறமாலையை முழு நீளத்துக்கும் அச்சிடுங்கள்.